கூலன்ட் தூங்கும் நேரம்

கணபதிப் பகுதியிலிருந்த ஒரு பட்டறையில் இதய வால்வுக்கான உலோக வளையங்களைக் கடைந்தார்கள். கடையும்போது சூட்டைத் தணிக்க, நுண்ணுயிர்கள் வாழும் கூலன்ட் என்ற புதுத் திரவம் வந்திருந்தது. அதற்குத் தினமும் எட்டு மணி நேரம் ஓய்வு வேண்டும். முதலாளி நாச்சிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. வழக்கம்போல இரவு பகலாக மூன்று ஷிஃப்டும் ஓட்டச் சொன்னார்.

நான்காம் நாள் கூலன்ட் கலங்கிவிட்டது. வெட்டும் டூல்கள் மழுங்கின. பாதி வளையங்கள் அளவு தப்பிக் கழிவுக்குப் போயின. பகல் ஷிஃப்ட் பார்க்கும் பூவாத்தாள் முதலாளியிடம் போனாள்.

"ஏனுங்க, அது களைச்சுப் போச்சுங்க. மூணாவது ஷிஃப்டை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க."

"எட்டு மணி நேரம் மெஷின் சும்மா நின்னா ஆர்டர் எப்படிம்மா முடியும்?"

"முடியலீன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிருங்க."

முதலாளி ஒரு வாரம் மூன்றாவது ஷிஃப்டை நிறுத்திப் பார்த்தார். கூலன்ட் தெளிந்தது; அந்த வாரம் ஒரு வளையம்கூடக் கழிவுக்குப் போகவில்லை. மூன்று ஷிஃப்டில் தேறியதைவிட இரண்டு ஷிஃப்டில் அதிகம் தேறியது. மூன்றாவது ஷிஃப்டையே எடுத்துவிட்ட முதலாளி, அதிலிருந்தவர்களைப் பகலில் அளவு பார்க்கும் வேலைக்கு மாற்றினார். அவர்களில் ஒருவன் பூவாத்தாளின் கணவன் செல்லப்பன்.

ஒன்பது வருடமாக அவளுக்குப் பகல் ஷிஃப்ட், அவனுக்கு இரவு ஷிஃப்ட்; விடுமுறைகூட வெவ்வேறு நாள்தான். அவன் பகல் வேலைக்கு மாறிய அன்று மாலை இருவரும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள், சேர்ந்தே சாப்பிட்டார்கள். பாயை உதறி விரிக்கும்போதுதான் பூவாத்தாள் சிரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் ஒரே ஒரு தலையணைதான் இருந்தது.

செல்லப்பன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கடை மூடியிருக்க மாட்டான். வா புள்ள, ரெண்டு பேருமே போலாம்."