முறிமருந்து

"ஏனுங்க, நல்ல பிராந்தி ஒரு ஃபுல் பாட்டில் குடுங்க. சீக்கிரமுங்க!"

பீளமேடு பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அந்த ஒயின் ஷாப்பில் பேச்சு சட்டென்று அடங்கியது. கம்பி வலைக்கு வெளியே, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க நின்றாள் கீதா. கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர்.

கல்லாவில் இருந்த கடை முதலாளி பாலுசாமி நிமிர்ந்து பார்த்தார். தெரிந்த முகம்தான். கடையை இங்கிருந்து எடுக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போன பெண்களில் முன்னால் நின்றவள்.

"பேப்பர்ல போடறதுக்குப் போட்டோக்காரனை எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க அம்மணி?"

"வெளையாடாதீங்க. மருந்துக்குங்க. ஒரு உசுரு போயிட்டிருக்குது."

"இங்க வாரவங்க எல்லாருமே மருந்துக்குன்னுதானுங்க வாங்கறாங்க."

கூட்டம் சிரித்தது. கீதாவுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் நகரவில்லை. கம்பி வலையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"கும்பிட்டுக் கேக்கறேனுங்க. கலப்படமில்லாததாப் பார்த்துக் குடுங்க."

குரல் உடைந்ததும் பாலுசாமியின் கிண்டல் நின்றுபோனது. மேல் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியின் முத்திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீனிவாசலு அதை வாங்கித் தண்ணீர் கலந்து, மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயில் அளந்து ஊற்றினார். கட்டிலில் அரை மயக்கத்தில் கிடந்தாள் மாணவி நந்திதா.

ஆய்வகத்தில் குளிர்தொட்டிக்கு ஊற்றி மிஞ்சிய எத்திலீன் கிளைக்கால் என்ற விஷத் திரவத்தை யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து, பெயர்கூட ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டார்கள். நிறமில்லை, மணமில்லை. வெயிலில் வந்தவள் மடமடவென்று குடித்துவிட்டாள். "யாருதுங்க மேடம் இந்தக் குளுக்கோஸ் தண்ணி? இனிச்சுக் கெடக்குது" என்று அவள் கேட்டபோதுதான் கீதா அந்தப் பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"லேப்ல இருந்த ஸ்பிரிட்டையே குடுத்தரலாம்னு நெனச்சேனுங்க டாக்டர்."

"நல்லவேளை, குடுக்கலீங்க. அதுல மெத்தனால் கலந்திருந்தா அது இன்னொரு விஷம். கிளைக்காலை ஈரல் ஒடைச்சாத்தானுங்க ஆபத்து. அதுல வர்ற அமிலம் கிட்னியை அரிச்சுப்போடும். பிராந்தி உள்ள போனா ஈரல் மொதல்ல அதைத்தான் கவனிக்கும். அதுக்குள்ள கிளைக்கால் ஒண்ணுக்கோட வெளிய போயிருமுங்க."

"பொழைச்சுக்குவாளுங்களா?"

"காலத்தோட குடுத்துட்டோம். பொழைச்சுக்குவா. ஆனா நடுவுல நிறுத்தாம ஊத்தணும். இந்த ஒரு பாட்டில் பத்தாதுங்க."

மறுபடியும் அந்தக் கம்பி வலை முன்னால் போய் நிற்கவேண்டுமே என்று கீதா கைப்பையை எடுத்தாள். நர்ஸ் ராமாமணி தடுத்தாள்.

"நீங்க போக வேண்டாமுங்க மேடம். மயங்கறதுக்கு முந்தி இந்தப் பொண்ணு அவங்கப்பா கடை நம்பரைச் சொல்லுச்சு. போன் பண்ணிட்டேன். வரும்போது பிராந்தியும் கொண்டாரச் சொல்லிட்டேனுங்க."

கீதாவுக்குச் சற்றே தைரியம் வந்தது. அப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருப்பதாக நந்திதா வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். மருந்துக் கடைக்காரர் என்றால் மகளுக்கு எதற்காகப் பிராந்தி என்று எளிதில் புரியவைத்துவிடலாம்.

கதவு படாரென்று திறந்தது. காலில் செருப்பில்லை, இரண்டு கைகளிலும் பாட்டில்கள்.

"என்ர பொண்ணு எங்கீங்க அம்மணி?" என்றார் பாலுசாமி.