இன்று காலை எடுத்த வீடியோ

பட்டப்பகலில் பிள்ளையார்பாளையம் தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. தேர்தல் தகராறில் கடைகளை நொறுக்குகிறார்கள், இன்று காலை எடுத்த வீடியோ என்று ஏதோ ஒரு செய்தித்தளம் போட்டிருக்கிறது. தையல்கடை தேவிப்ரியா பக்கத்து ஜரிகைக்கடைக்கு ஓடி வருகிறாள். "ஜீனத்தக்கா, எல்லாரும் மூடிக்கினு இருக்காங்க. நெசமாவா?" ஜீனத் கைப்பேசியை அவள் பக்கம் திருப்புகிறாள். வீடியோவில் கூட்டத்தின் ஓரத்தில் நீலச்சட்டைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். "பொய்மா. பழைய வீடியோ. இவரு எங்க வீட்டுக்காரரு. மவுத்தாகி, அடக்கம் பண்ணி ரெண்டு வருஷம் ஆவுது." தேவிப்ரியா தன் கடைக்குத் திரும்பிப் போகிறாள். அவளுடைய ஷட்டர் மீண்டும் ஏறும் சத்தம் கேட்கிறது. ஜீனத் உள்ளிருந்தபடியே தன் ஷட்டரை இறக்குகிறாள். ஜரிகைக் கண்டுகளின் மேலிருந்த வெயில் மெல்ல விலகுகிறது. வீடியோவை முதலிலிருந்து ஓடவிடுகிறாள். அதே கூச்சல், அதே கண்ணாடி உடையும் சத்தம். இருட்டில் அவர் திரும்பி அவளைப் பார்க்கிறார்.