செய்முறைக்கு ஓர் அம்மா

இனியன் படிக்கும் கல்லூரி அவன் அறைக்குள், திரையிலேயே நடக்கிறது. உணர்வறிவுப் பாடத்துக்கு மட்டும் செய்முறை வகுப்பு உண்டு. வாரத்தில் அரை மணி நேரம் வீட்டில் யாராவது மனம்விட்டுப் பேச, அவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வீட்டில் இருப்பது அம்மா சுபாஷினி மட்டும்தான்.

அந்த அரை மணி நேரம் ஹெட்போனைக் கழற்றிவைப்பான். தன் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தன் அக்கா முகம் கொடுத்துப் பேசாததை அவள் சொன்னபோது, "அப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டாள். நேரம் முடிந்ததும் ஹெட்போன் காதில் ஏறியது. மறுவாரம்வரை "சாப்பாடு வை" என்பதற்கு மேல் பேச்சில்லை.

இன்று அந்தப் பாடத்துக்கு இந்த செமஸ்டரின் கடைசித் தேர்வு. இனியன் ஒரு குறையும் வைக்கவில்லை. முடிவில் திரை சுபாஷினியிடம் கேட்டது: "உங்கள் மகன் உங்களைப் புரிந்துகொண்டாரா?" அவள் பதிலுக்குத்தான் மதிப்பெண்.

அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள்.

"அம்மா! அரியர் விழுந்துடுச்சு. நான் நல்லாத்தானே கேட்டேன்?"

"ரொம்ப நல்லாக் கேட்ட, கண்ணு," என்றபடி எழுந்தாள் சுபாஷினி. "அடுத்த செமஸ்டரும் இப்படியே கேளு."