மல்லாக்க விழுந்தவர்கள்

"மூணு பதினேழு. போன ஞாயிறும் இதே நேரந்தான்" என்று பத்திநாதன் உபதேசியார் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில், தூய ஆவியின் வரம் வேண்டும் அருங்கொடைச் செபக்கூட்டம். செபம் நடத்த அட்டனிலிருந்து வரும் றொக்சன் பிரதர் தலையில் கை வைத்ததுமே, கொழுந்து பறிக்கும் இராசம்மா மல்லாக்க விழுந்துவிட்டாள். பின்னால் நின்ற பெண்கள் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார்கள்.

"ஆவியானவர் தொட்டுட்டாருங்க ஐயா" என்றாள் பாட்டுக்குழு ஜெனிதா டீச்சர்.

"டீச்சர், விவிலியத்துல ஆண்டவரப் பாத்து விழுந்தவங்க முகங்குப்புற விழுந்தாங்க. மல்லாக்க விழுந்தவரு குரு ஏலி. அவரு கழுத்து முறிஞ்சு செத்தாரு."

"இவங்களப் பிடிக்கத்தான் ஆள் நிக்கிறாங்களே?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

டீச்சர் முறைத்தாள்.

"இது நிஜமான்னு பங்கு ஃபாதர் எங்கிட்ட அறிக்கை கேட்டிருக்காரு. நடிப்புன்னு நான் எழுதினா இந்தக் கூட்டம் நின்னுரும்."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்து மூணுல, இங்கிலாந்துல எழுப்புதல் கூட்டங்க நடந்தப்ப, ஒரு போதகர் கண்டுபிடிச்சாரு. சத்தம் போட்டு விழுறவங்களைத் தூக்கி ஒரு மூலையில வைப்போம்னாரு. அன்னைக்குத் தூக்க வந்தவங்களுக்கு வேலையே இல்ல. பாக்க ஆளில்லன்னா யாரு விழுவா?"

அடுத்த ஞாயிறு உபதேசியாரே அறிவித்தார்: "இனிமே விழுறவங்களப் பின்னறையில கொண்டுபோய்ப் படுக்க வைப்போம். கதவச் சாத்திருவோம். பாட்டும் கேக்காது, பிரசங்கமும் கேக்காது."

றொக்சன் பிரதரின் கை தலைக்கு வரும் முன்பே இராசம்மா விழுந்தாள்.

அவளைத் தூக்கிப்போன பெண்கள் திரும்புவதற்குள் இன்னும் ஐந்து பேர். எல்லாரும் ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர்கள்.

உபதேசியார் குழம்பினார். நடிப்பென்றால் விழுந்திருக்கக் கூடாது. நிஜமென்றால் கை படாமல் எப்படி? 'நடிப்பு' என்று எழுதினார். அடித்தார். 'நடிப்பல்ல' என்று எழுதினார். அதையும் அடித்தார்.

பின்னறைக் கதவை மெல்லத் திறந்தார். ஆறு போர்வைகள். குறட்டைச் சத்தம்.

"இராசம்மா."

அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆவியானவர் என்ன சொன்னாரு?"

அவள் தலைகுனிந்தாள். "பொய் சொல்ல மாட்டேங்க ஐயா. நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். மலையில நாள் முழுக்க நிக்கிறேன். ஞாயித்துக்கிழமன்னா துணி, வெறகு. லயத்து வீட்டுல ஒத்தக் காம்பரா, அதுக்குள்ள ஏழு பேரு. சாஞ்சாப் போதும், 'அம்மா தண்ணி', 'இராசம்மா தேத்தண்ணி'ன்னு கூப்புட்டுருவாங்க. இங்க விழுந்தா மட்டுந்தான் ஆவியானவருக்குப் பயந்து ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க."

"மத்தவங்களும்...?"

பக்கத்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "மெதுவாப் பேசுங்க ஐயா. ஆவியானவர் இறங்கி இருக்காரு."

"கூட்டத்த நிப்பாட்டிராதீங்க ஐயா" என்றாள் இராசம்மா.

உபதேசியார் கதவைச் சாத்திவிட்டு வந்து, புதிய தாள் எடுத்து அறிக்கையை எழுதினார்:

'வணக்கத்துக்குரிய ஃபாதர், இந்த அருங்கொடை இயக்கத்தார் தங்கள் நூல்களில் இப்படி விழுவதை 'ஆவியில் இளைப்பாறுதல்' என்கிறார்கள். ஆறு பெண்கள் இளைப்பாறியதை நேரில் கண்டேன். சந்தேகத்துக்கு இடமில்லை. கூட்டத்தை இன்னும் அரை மணி நேரம் நீட்டிக்க அனுமதி வேண்டும்.'