வேலைக்கு மட்டும்

"அன்னைக்கு எங்கே போயிட்டிருந்தீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

கூண்டில் நின்றிருந்தான் டரில். இரவல் வாங்கிய கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

கேள்வி சின்னதுதான். ஆனால் எல்லாம் அதில்தான் இருந்தது. குவீன்ஸ்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸ் பறிபோகும். பிழைப்பே வண்டியை நம்பியிருக்கிறதென்றால், வேலைக்கு மட்டும் ஓட்டிக்கொள்ள கோர்ட் அனுமதி தரலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிடிபட்ட நேரத்தில் அவன் வேலை விஷயமாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கக் கூடாது. அப்படி ஓட்டியிருந்தால் அனுமதி கிடையவே கிடையாது.

"பியர் வாங்கப் போனேன்" என்றான் டரில்.

"வீட்ல ஏதோ விசேஷம்னு சொன்னீங்களே?"

"மகளுக்குப் பிறந்தநாள். ஒன்பது வயசு."

"அதை விட்டுட்டு, ஏற்கெனவே குடிச்சிருந்தும், இன்னும் குடிக்கறதுக்காகக் காரை எடுத்திருக்கீங்க."

"ஆமாங்க."

நீதிபதி அவனையே பார்த்தார். முப்பது வருஷமாக இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துச் சலித்த பார்வை. பின்வரிசையில் அவன் மனைவி ஜெனீன் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தே தெரு உள்ள ஊர். சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

டரில் குளிர்பதன மெக்கானிக். வாழைக்காய் கட்டும் ஷெட்டுகளில் குளிர் அறை நின்றுபோனால் ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டியது அவன்தான். ஷெட்டுகள் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. பஸ் கிடையாது. பிடிபட்ட நாளிலிருந்து ஆறு வாரமாக, முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்க்கும் ஜெனீன்தான் விடியற்காலையில் எழுந்து அவனைக் கொண்டுபோய் விட்டாள். வண்டியில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவள் வர முடியாத நாட்களில் மழையில் சைக்கிள் மிதித்தான்.

அடுத்து அவன் முதலாளி மெர்வ் சாட்சி சொல்ல வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. பதினாலு வருஷமாக டரில் தன்னிடம் இருக்கிறான் என்றார். அவன் இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் ஷெட் ஷெட்டாகக் காய் பழுத்து வீணாகும் என்றார். வேறு ஆள் கேட்டு மூன்று முறை விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லையாம்.

"எத்தனையோ பேர் வேலையை விட்டுத் தூக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. ஒரு தப்பு பண்ணிட்டான். ஆனா ஒரு பொய் அவன் வாயிலேர்ந்து நான் கேட்டதில்லை" என்று முடித்தார்.

நீதிபதி ரொம்ப நேரம் எதையோ எழுதினார். பிறகு பத்து மாதத் தடை என்றார். அந்தப் பத்து மாதமும் வேலைக்கு மட்டும் ஓட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டில் குறிக்க வேண்டும். உடம்பில் ஒரு சொட்டு மது இருக்கக் கூடாது.

"இது உங்களுக்காகக் கொடுக்கறதில்ல" என்றார். "உங்க முதலாளி மாதிரி ஒருத்தர் உங்களை நம்பறாரே, அதுக்காக."

வெளியே வந்ததும் ஜெனீன் நேராக மெர்விடம் போனாள். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இல்லையென்றால் நாங்கள் தெருவில்தான் நின்றிருப்போம் என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லையம்மா என்று மெர்வ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகுதான் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிப் போயிட்டே. நீ வருவேன்னு உன் பொண்ணு கேக்கை வெட்டவே விடலை. கடைசியில போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்தது. அப்பாவுக்கு என்னைவிட பியர்தான் பெருசாம்மான்னு கேட்டா. அப்படியெல்லாம் இருக்காதுடின்னு சொல்லி வெச்சேன்." கார் சாவியைக் கையில் எடுத்தாள். "இன்னைக்கு நீயே சத்தியம் பண்ணிச் சொல்லிட்டே. இனி அவகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

டரில் வாயைத் திறந்தான். மெர்வ் லேசாகத் தொண்டையைச் செருமினார். டரில் வாயை மூடிக்கொண்டான்.

அவள் விடுவிடுவென்று காருக்குப் போய், கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாள்ல ஆறிடும், விடு" என்றார் மெர்வ். "அவகிட்ட எதையும் உளறி வைக்காதே. வெளியே தெரிஞ்சா உன் லைசென்ஸும் போகும், என் பேரும் போகும்."

டரில் தலையாட்டினான்.

மெர்வ் உத்தரவுக் காகிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்தே கேட்டு வாங்கியிருக்கேன். அதனால இனிமே ஞாயித்துக்கிழமையும் குடிக்காதே. உன் பொண்ணு பிறந்தநாள் அன்னைக்கு, 'குடிச்சிருக்கேன், என்னால ஓட்ட முடியாது'ன்னு நீ பிடிச்ச அடத்துல, உன்னை ஷெட்டுக்குக் கிளப்ப நான் மூணு தடவை போன் பண்ண வேண்டியதாப் போச்சு."