வேதத்தில் இல்லாத தாள்

ஊரில் இத்தனை பைண்டிங் கடை இருக்க, அண்ணனின் பைபிள் என் தலையிலா விழ வேண்டும்?

தையல் விட்டுத் தாள் தாளாகக் கிடந்தது.

"மூணு கடையில முடியாதுன்னுட்டாங்க. வேற வழியில்ல, உன்கிட்ட வந்தேன்" என்றார்.

ஏழு வருஷம் கழித்துப் படியேறுகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது?

என் மனைவி இறந்தபோது ஜெபத்துக்குக் கூப்பிடப் போனேன். அண்ணன் அப்போதுதான் சபை மாறியிருந்தார். "செத்தவங்களுக்காக ஜெபிக்கணும்னு வேதத்துல எங்கடா இருக்கு? வேதத்துல இல்லாதது எனக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். அவள் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டவர்!

விடுவேனா? முதல் தாளை உருவினேன்.

"பொருளடக்கம். எந்தெந்தப் புத்தகம் வேதம்னு வேதத்துலயே எங்கண்ணே எழுதியிருக்கு? இது மனுஷன் போட்ட பட்டியல்தானே, கிழிச்சுடவா?"

"படிச்சது மூணாங்கிளாஸ். வாயைப் பாரு!"

"மூணாங்கிளாஸ் கேள்விதானே, பதில் சொல்லுங்களேன்."

அண்ணனுக்குக் காது சிவந்தது.

"வசனம் இல்லாத ஒரு தாளும் எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் கிழிச்சுப் போடு, போ!"

இறங்கியவர் கடைசிப் படியில் நின்று திரும்பினார். என்னமோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமலே போய்விட்டார். அத்தனை வீம்பு!

எனக்கென்ன? பொருளடக்கத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன். கடைசியில் இருந்த வரைபடத்தையும் போட்டேன். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே ஒரு வெற்றுத் தாள். அதையும் உருவினேன்.

வெற்றுத் தாள் இல்லை. பென்சிலில் அண்ணனின் கோணல் கையெழுத்து.

என் மனைவி இறந்த தேதி. பக்கத்தில், 'தம்பி மனைவியின் ஆத்துமாவுக்காக ஜெபித்தேன்.' கீழே அடுத்த வருஷம், அதே தேதி, அதே வரி. இப்படி ஏழு வரி.

குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தாள்களைத் தேடினேன்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். பைபிளை வாங்கியதும் நேராக நடுவில்தான் திறந்தார். பென்சில் வரிகளை விரலால் தடவினார்.

"வேதத்துல இல்லாததையெல்லாம் கிழிக்கச் சொன்னேனே?" என்றார்.

"ஒவ்வொரு தாளாப் பார்த்துட்டேண்ணே. வேதத்துல இல்லாததுன்னு இதுல ஒண்ணுமே இல்ல."