சுற்றியும் பிடிக்காத இன்ஜின்

“உங்க வீட்டுக்காரர்தான் அனுப்பினார், மேடம். காரை சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போகணும்” என்றான், எண்ணெய்க் கறைச் சட்டையோடு வாசலில் நின்றவன்.

“எங்கிட்ட சொல்லவே இல்லையே, மறதி மனுஷன்!” என்று சிரித்தாள் அவள். “வண்டியில என் பை இருக்கு. அதை எடுத்துட்டு சாவி தரேன்.”

பையை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். அதே கதைதான்.

“பேட்டரி முனையில உப்பு பூத்திருக்குமோ என்னவோ” என்று அவளே உப்புத்தாள் கொண்டுவந்து தந்தாள். அவன் விழுந்து விழுந்து தேய்த்தான்.

“பிளக் ஒயரையும் அழுத்திப் பாருங்க. காபி கொண்டு வரேன்.”

அவன் காபியையும் குடித்தான். வண்டி மட்டும் அசையவில்லை. சட்டை தொப்பலாக நனைந்தபோது, வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

“இதே கதையைச் சொல்லி மூணு வீட்டுல கார் எடுத்திருக்கான்மா. உடனே எங்களுக்கு போன் பண்ணிட்டீங்களே, உங்களுக்கு மட்டும் எப்படிச் சந்தேகம் வந்துச்சு?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், அவனை ஜீப்பில் ஏற்றியபடி.

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்!”

பைக்குள் கைவிட்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்தாள். அதன் இடத்தில் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது.

“முன்னால போங்க சார். புகார் எழுதித் தர நானே ஓட்டிட்டு வரேன்!”